வலையை என்னிடம் கொடுத்தார்கள்

(நமது சங்கத்தின் மூத்த குடியிருப்பாளர்கள் மாதக் கூட்டத்தில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் தலை குனிந்து உட்கார்ந்தே ஓட்டியவன். போன மாதம் லிஃப்டில் செயலாளர் பிடித்துக்கொண்டார். "சார், அமெரிக்காவுல மீன் பிடிக்கப் போனீங்களாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். மறுக்க முடியவில்லை. சைவ வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிடித்த மீனை நாங்கள் சாப்பிடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போனது 'ட்ரோலிங்' என்ற வகை மீன்பிடிப்பு. இதைச் சொன்னதும் என் பேரன், "தாத்தா, உங்களை யாரு ட்ரோல் பண்ணினாங்க?" என்று கேட்டான். அது வேறு, இது வேறு. நம் கடற்கரையில் பெரிய வலையை இழுத்துப்போகும் ட்ராலரும் இல்லை. இதில் வலை வீச்சே கிடையாது. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் தூண்டில் நூலை நீளமாக விட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். நூலின் நுனியில் சின்ன மீன் மாதிரி செய்த ஒரு பொய் இரை இருக்கும். வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் கூட. காலையில் நம் பூங்காவைச் சுற்றி நாம் நடக்கிறோமே, அந்த வேகம்தான்.

இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலம். அங்கே போர்ட்லேண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் செபேகோ என்று ஓர் ஏரி. பரப்பு சுமார் 45 சதுர மைல், மிக ஆழமான இடத்தில் 316 அடி. என் மகள் வீட்டிலிருந்து அரை மணி நேர கார் பயணம்.

நான் ஏன் அங்கே போனேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் தனியாக இருந்தேன். அந்த நாட்களில் நீங்கள் செய்ததை மறக்க மாட்டேன். பதின்மூன்று நாளும் என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இட்லி, சாம்பார், ரசம் என்று யாராவது கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தீர்கள். அதற்கப்புறம் எல்லோருக்கும் அவரவர் வேலை. லிஃப்டில் பார்த்தால் "எப்படி இருக்கீங்க சார்?" என்பீர்கள். "இருக்கேன்" என்பேன். அதற்கு மேல் என்ன பேசுவது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றாவது மாடி வருவதற்குள் இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்போம். குறையாகச் சொல்லவில்லை. நானும் மற்றவர்களிடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

மகள் பிடிவாதமாக டிக்கெட் போட்டாள். அங்கே போயும் நான் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் ஆபீஸ் போய்விடுவாள், பேரன் பள்ளிக்கூடம். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் படகைத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும், ஒரு தச்சரும், ஒரு ரிட்டயர்டு தபால்காரரும் பல வருஷமாகச் சேர்ந்து மீன்பிடிக்கப் போகிறவர்களாம். நாலாவதாக ஒருவர் இருந்தார், முந்தின குளிர்காலத்தில் இறந்துவிட்டார் என்று மகள் சொன்னாள்.

ஒரு மே மாத மாலை அந்தப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். "நாளைக்கு எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது. காலை ஐந்து மணிக்கு வர முடியுமா?" என்றார். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஆள் குறைகிறது, அவ்வளவுதான். மகள் உடனே கணினியில் ஒரு நாள் மீன்பிடி உரிமம் வாங்கித் தந்தாள். அங்கே உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது.

விடியற்காலை எலும்பை நடுக்கும் குளிர். ஏரியில் பனிக்கட்டி உருகி சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கே மூச்சு நின்றுவிடும் என்று சொல்லி, லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவரே இழுத்து இறுக்கிவிட்டார். போட்டுக்கொள்ளாதவருக்குப் படகில் இடமில்லை.

இந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர் மீன் கடைகளில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று விற்பார்கள். அது வேறு குடும்பம். அசல் அட்லாண்டிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் திரும்பவும் ஆற்றுக்கே வரும். செபேகோவில் இருப்பதும் அதே இனம்தான், ஆனால் கடலுக்கே போகாது. பனி யுகம் முடிந்த பிறகு ஏரியிலேயே தங்கிவிட்ட வம்சம். கடலுக்குப் பதிலாக ஏரி, அங்கிருந்து முட்டையிட ஓடைகள் என்று வாழ்க்கையை அமைத்துக்கொண்டது. மெய்ன் மாநிலத்தில் ஆதியில் நான்கு ஆற்றுப் படுகைகளில்தான் இது இருந்தது. செபேகோ அவற்றில் ஒன்றில் இருக்கிறது, இதன் அறிவியல் பெயரிலேயே அந்த ஏரியின் பெயர் உண்டு. 1969இல் இதை மாநில மீனாக அறிவித்தார்கள். 1907இல் இதே ஏரியில் ஒருவர் 22 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைப் பிடித்தது பெரிய சாதனை. இப்போது அங்கே சாதாரணமாகக் கிடைப்பது ஒன்றிரண்டு கிலோதான்.

இந்த சால்மனுக்கு முக்கிய உணவு ஸ்மெல்ட் என்ற சிறு மீன். நம் நெத்திலி மாதிரி வெள்ளியாக மின்னும். பனி உருகியதும் ஸ்மெல்ட் கூட்டம் முட்டையிட ஓடை வாய்க்கு வரும். அதைத் துரத்திக்கொண்டு சால்மனும் மேல்மட்டத்துக்கு வரும். அதனால் வசந்த காலத்தில் தூண்டிலை மேலோட்டமாக இழுத்தால் போதும். கோடையில் மேல் தண்ணீர் சூடாகிவிட்டால் மீன் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். அப்போது உள்ளே ஈயம் ஓடும் கனமான நூலை விடுவார்கள். அந்த நூலில் 10 கஜத்துக்கு ஒரு முறை நிறம் மாறும். எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத் தூண்டில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

நாங்கள் கட்டிய பொய் இரையின் பெயர் கிரே கோஸ்ட். கொக்கியில் சாம்பல் நிற இறகு வைத்துக் கட்டியிருக்கும். தண்ணீரில் இழுத்தால் ஸ்மெல்ட் நீந்துவது போலவே இருக்கும். இதை உருவாக்கியவர் கேரி ஸ்டீவன்ஸ் என்ற மெய்ன் மாநிலப் பெண்மணி, தொப்பி அலங்காரத் தொழில் தெரிந்தவர். 1924இல் தன் கையால் கட்டிய இரையில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ட்ரௌட் மீன் பிடித்து, பத்திரிகைப் போட்டியில் பரிசு வாங்கினார். அதற்கப்புறம் ஆர்டர்கள் வந்து குவிந்தன. தச்சர் இதைச் சொன்னபோது, தையல் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் என் மனைவியின் ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

படகில் சும்மா உட்காருகிறவர் ஒருவரும் கிடையாது. பெரியவர் சுக்கான் பிடித்தார். நேராக ஓட்ட மாட்டார், பாம்பு போல வளைந்து வளைந்து போவார். படகு திரும்பும்போது வெளிப்பக்க இரை வேகமெடுத்து மேலே வரும், உள்பக்க இரை தளர்ந்து கீழே இறங்கும். அந்த மாற்றத்தைக் கண்டுதான் மீன் பெரும்பாலும் கவ்வும் என்றார். தபால்காரர் ஆழம் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டார். தச்சர் தூண்டில் கோல்களைக் கவனித்தார். என் கையில் நீளப் பிடி வைத்த கைவலையைக் கொடுத்தார்கள். மீன் படகருகே வந்ததும் அதை ஏந்தி எடுப்பது என் வேலை. போனவரின் வேலை அது என்று யாரும் சொல்லாமலே புரிந்தது.

இரண்டு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பேச்சும் அதிகமில்லை. அவர்களுடைய உச்சரிப்பு எனக்குப் பாதி புரியாது, என்னுடையது அவர்களுக்குப் பாதி புரியாது. யாரும் யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை, எல்லோருடைய கண்ணும் தண்ணீர் மேல். லூன் என்ற நீர்ப்பறவை எங்கேயோ நீளமாக ஊளையிடுவது போலக் கத்தியது. ஃபிளாஸ்கிலிருந்து காப்பி கை மாறியது. பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் மனிதர்களோடு உட்கார்ந்திருந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன்.

திடீரென்று வலதுபக்கக் கோல் வில்லாக வளைந்தது. படகுக்குப் பின்னால் மீன் தண்ணீரை விட்டு எகிறிக் குதித்தது, வெள்ளித் தட்டை வீசினது போல. தச்சர் நிதானமாக நூலைச் சுற்றிப் படகருகே கொண்டுவந்தார். நான் பதற்றத்தில் எழுந்து வலையை மீன் மேல் குத்தினேன். வலையின் வளையம் நூலில் இடித்தது. கொக்கி கழன்றது. மீன் போய்விட்டது.

இரண்டு மணி நேரக் காத்திருப்பு, என் அவசரத்தால் போயிற்று. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வலையைத் தச்சரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வலையை முதலிலேயே தண்ணீருக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மீனைத் தேடிப் போகாதீர்கள். நான் தலைப்பக்கமாக உள்ளே கொண்டுவருகிறேன், அப்புறம் தூக்குங்கள்" என்றார். அவ்வளவுதான். பரவாயில்லை என்று தட்டிக்கொடுக்கவில்லை, உங்களுக்கு வயதாகிவிட்டது, உட்காருங்கள் என்று சொல்லவும் இல்லை. வேலை என்னுடையதாகவே இருந்தது.

பத்தரை மணி வாக்கில் இன்னொன்று கவ்வியது. இந்த முறை வலையை நீருக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மீன் தலை உள்ளே வந்ததும் தூக்கினேன். பதினெட்டு அங்குலம். உலர்ந்த கையால் தொட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் போய் நோய் வரும் என்பதால் கையை நனைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கொக்கியைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டேன். சில நொடியில் வாலை அடித்துத் தானே போயிற்று. பிடித்ததை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் சமைக்க அன்றைக்கு யாருக்கும் தேவையில்லை என்றார் தபால்காரர்.

திரும்பி வரும்போது, இந்த ஏரித் தண்ணீர்தான் போர்ட்லேண்ட் வட்டாரத்தில் சுமார் 2 லட்சம் பேருக்குக் குடிநீர் என்றார்கள். வடிகட்டும் ஆலை கிடையாது. ஓசோனும் புற ஊதாக் கதிரும் கொண்டு கிருமி நீக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவ்வளவு சுத்தம் என்பதால் வடிகட்டுவதிலிருந்து அரசு விலக்கே அளித்திருக்கிறது. தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து 2 மைலுக்குள் யாரும் நீந்தக்கூடாது. வாரம் நாலு லாரி தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு இது பெருமூச்சு வரவழைக்கும் செய்தி. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பும் வரை இன்னும் ஐந்து தடவை அந்தப் படகில் போனேன். இரண்டு நாள் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு நான் வராவிட்டால் வலை பிடிக்க ஆளில்லை என்ற நினைப்பு என்னை எழுப்பிவிட்டது. துக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தோடு உட்கார ஓர் இடம் கிடைத்தது, கையில் ஒரு வேலையும் கிடைத்தது.

நம் வளாகத்தில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். என் பிளாக்கில் மட்டும் மூன்று வீடு. ஒருவர் துணையை இழந்தால் நாம் பழம் வாங்கிக்கொண்டு போகிறோம், எதிரில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறோம். அது வேண்டும். ஆனால் பதின்மூன்றாம் நாளுக்கு அப்புறம் அவரிடம் ஒரு வேலையைக் கேளுங்கள். "எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது" என்று சொல்லுங்கள். நூலகச் சாவி, நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டுவது, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கணக்குப் பாடம், எதுவானாலும் சரி. முதல் தடவை தப்பாகச் செய்தால் வலையைப் பிடுங்கிவிடாதீர்கள்.

நான் வந்ததும் செயலாளரிடம் ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். தண்ணீர் லாரி வரும்போது அளவு பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது இப்போது என் பொறுப்பு. லாரி வருவது காலை ஐந்தரைக்கு. தனியாக நிற்க எனக்கு அலுப்பாக இருக்கிறது. எழுத நான் இருக்கிறேன், டார்ச் அடிக்க ஓர் ஆள் குறைகிறது. யாராவது வாருங்கள், ஃபிளாஸ்கில் காப்பி நான் கொண்டுவருகிறேன்.