வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது?

சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனவர், பயிர்க்கடனுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்திருப்பவர், வீட்டு வரி கட்டப் பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்தவர் என்று மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடைக்கிற நாள் உண்டு. “நெட் இல்லீங்க, அப்புறமா வாங்க.”

அந்தப் பதிலைச் சொல்கிறவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் பாடும் திண்டாட்டம்தான். ஒரு பக்கம் வரிசை நீளும், இன்னொரு பக்கம் மேலிடத்திலிருந்து போன் வரும். ஆனால் ‘நெட் இல்லை’ என்பது பாதிச் செய்திதான். எந்த இடத்தில் இல்லை என்பதுதான் மீதிப் பாதி. அது தெரிந்தால் பல நாட்களில் வேலை பத்தே நிமிடத்தில் திரும்ப ஓடும். ஓடாவிட்டாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதாவது தெரியும்.

கடலூரிலிருந்து விழுப்புரம் போகும் வண்டிக்காக நம் மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நேரமாகியும் வண்டியைக் காணோம். அப்போது என்ன கேட்போம்? திருப்பாதிரிப்புலியூரை விட்டுவிட்டதா, நெல்லிக்குப்பத்தைத் தாண்டிவிட்டதா என்று கேட்போம். கணினி இணைப்பிலும் கேட்க வேண்டியது அதே கேள்விதான். உங்கள் மேசையிலிருந்து கிளம்பும் தகவலுக்கு நான்கு ஸ்டேஷன். முதலாவது கணினி. இரண்டாவது, கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே போகும் கேபிள் அல்லது வைஃபை. மூன்றாவது மோடம். நான்காவது, மோடத்திலிருந்து இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் அதைத் தாண்டியும் போகிற வழி. பார்க்க எளிதானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

தொடங்குவதற்கு முன் ஒரு கட்டுப்பாடு. பார்த்து முடிக்கும்வரை எதையும் மாற்றக் கூடாது. கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அழுத்திவிட்டு, முன்னால் எப்படி இருந்தது என்று நினைவில்லாமல் தவிப்பதுதான் அலுவலகங்களில் நடக்கிற பெரிய விபத்து. ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் அந்தத் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பக்கத்துக் கணினியில் நெட் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வந்தால் மோடமும் நிறுவனமும் சரி. கோளாறு உங்கள் கணினியிலோ அதன் கேபிளிலோதான். இந்த ஒரு கேள்வியிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகிவிடுகிறது.

எங்குமே வரவில்லையென்றால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பு என்றால் அதில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, கண்ணாடி இழையில் வர வேண்டிய ஒளி உங்கள் மோடத்தை வந்து சேரவில்லை என்று பொருள். மோடத்தின் பின்னால் செருகியிருக்கும் மெல்லிய ஒயர் கழன்றோ மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது சரியாக இருந்தால் வெளியே எங்கோ அறுந்திருக்கிறது. அதற்குப் பிறகு கணினி செட்டிங்கைக் குடைவதில் பயனில்லை. நேராகப் புகார் கொடுத்துவிடலாம்.

விளக்குகள் சரி என்றால் அடுத்தது கேபிள். அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் பிளக் செருகியதுபோலவே இருக்கும், ஆனால் உள்ளே தொடாது. அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி ஒன்று அறுந்தாலும் கோளாறு வரலாம். எலிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, இந்தக் கேபிளை ஒரே நீளமாக 100 மீட்டருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது அதன் விதிமுறை. முன் கட்டடத்து மோடத்திலிருந்து பின்கட்டுக் குடோன் வரை இழுத்துவிட்டு ‘நெட் விட்டுவிட்டு வருகிறது’ என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேபிளும் சரி. இனி கணினியையே கேட்கலாம். விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட்டை அழுத்தி சி, எம், டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டி என்டரை அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில், இடையில் இடம் விடாமல் ஒரே சொல்லாக அடித்து என்டரை அழுத்துங்கள். இது எதையும் மாற்றாது. இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். வருகிற வரிகளில் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று ஐ.பி. முகவரி, அதாவது இணைப்பில் உங்கள் கணினிக்கு உள்ள எண். இன்னொன்று டீஃபால்ட் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான மோடத்தின் எண்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் சரி. 169.254 என்று தொடங்கினால்தான் சங்கதி. கணினி எழுந்ததும் ‘எனக்கு ஒரு முகவரி கொடு’ என்று கேட்கும். வழக்கமாக மோடம் கொடுக்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் கணினி தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். அதுதான் இந்த 169.254. அதாவது உங்கள் தகவல் மோடம் வரைகூடப் போய்ச் சேரவில்லை. கேபிள், பல கணினிகளின் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டி, மோடம் என்று இந்த மூன்றுக்குள்தான் தேட வேண்டும். இணைப்பு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

இந்த 192.168 எங்கே பார்த்தாலும் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இந்தப் பழைய முகவரி முறையில் மொத்தம் இருப்பதே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான். உலகத்து ஜனத்தொகைக்கே அது போதாது. அதனால் 1990-களில், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்கிக்கொள்ளச் சில எண் வரிசைகளைத் தனியே ஒதுக்கினார்கள். உலகப் பொதுக் கையிருப்பில் கடைசியாக மிஞ்சியிருந்த முகவரித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி பகிர்ந்து முடிந்துவிட்டன. ஆகவே பண்ருட்டி முந்திரி வியாபாரியின் கணக்கறையிலும் நெய்வேலிக் குடியிருப்பில் ஒரு வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், தகராறு இல்லை. ஒரே அலுவலகத்துக்குள் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்தால்தான் தகராறு. யாரோ பிரிண்டருக்குக் கையால் ஒரு எண்ணைப் போட்டிருப்பார்கள், அதே எண்ணை மோடம் ஒரு கணினிக்குக் கொடுத்திருக்கும். பிரிண்டரை ஆன் செய்தால் நெட் போகும், ஆஃப் செய்தால் வரும். பேய் பிடித்ததுபோல் தெரியும் இந்தக் கோளாறுக்கு மந்திரவாதி தேவையில்லை. இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பொதுவாகக் கணினிகளில் ‘முகவரியைத் தானாகப் பெறு’ என்று ஆட்டோமேட்டிக்காக வைத்திருப்பதே நல்லது. ஆனால் விதிவிலக்கு உண்டு. என்.எல்.சி. போன்ற பெரிய நிறுவனங்களிலும், எல்காட் நடத்தும் ‘ஸ்வான்’ என்ற அரசு நெட்வொர்க்கில் இருக்கும் அலுவலகங்களிலும், முகவரியைக் கணினிப் பிரிவே முடிவு செய்யும். அங்கே கையால் போட்ட எண் இருந்தால் காரணத்தோடுதான் இருக்கும். அதை ஆட்டோமேட்டிக்காக்கினால் நன்றாக ஓடிய இணைப்பும் நின்றுவிடலாம். செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது இப்படிக் கையால் போட்ட எண்கள் அத்தனையையும் துடைத்துவிடும். அலுவலகக் கணினியில் அது முதல் மருந்து அல்ல, கடைசி மருந்து.

அடுத்தது பிங். 1983 டிசம்பரில் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன நிரல் இது. ஒரு எண்ணுக்குச் சிறு தகவலை அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும். அதே கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, முன்பு பார்த்த கேட்வே எண்ணைப் போடுங்கள். பதில் வந்தால் மோடம் வரை வழி சரி. பிறகு பிங், இடம், நான்கு எட்டுகள், நடுவில் புள்ளிகள்: 8.8.8.8. இது கூகுளின் பொதுச் சர்வர். அதிலிருந்தும் பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி திறந்திருக்கிறது. சில அலுவலகங்களில் பாதுகாப்புக்காகப் பிங்கை அடைத்து வைத்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் டி.என்.எஸ். மேல் போக வேண்டும். நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம். கணினிக்கோ எண் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வது டி.என்.எஸ். சர்வரின் வேலை. அந்தச் சர்வர் எது என்பதும் உங்கள் கணினியில் ஒரு செட்டிங்தான்.

இந்த ஒரு செட்டிங்கை வைத்து உலகையே ஏய்த்த கதை உண்டு. டி.என்.எஸ். சேஞ்சர் என்று ஒரு வைரஸ். அது கணினிக்குள் புகுந்து சத்தமில்லாமல் டி.என்.எஸ். எண்ணை மட்டும் மாற்றிவிடும். நெட் வழக்கம்போல் வரும். ஆனால் நாம் கேட்கும் பெயர்களுக்கெல்லாம் பதில் சொல்வது திருடனின் சர்வர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் சிக்கின. 2011 நவம்பரில் எஸ்டோனியா நாட்டில் ஆறு பேரைப் பிடித்தார்கள். பிடித்த பிறகுதான் சிக்கலே. திருடனின் சர்வரை நிறுத்தினால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும். ஆகவே அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு அந்த இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, மாதக்கணக்கில் அவகாசம் கொடுத்தார்கள். 2012 ஜூலை 9-ஆம் தேதிதான் அவற்றை நிறுத்தினார்கள். நெட் வருகிற நாளிலும் இந்த எண்ணை ஒருமுறை பார்த்து வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஐபிகான்ஃபிக்குக்குப் பின் ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஆல் என்று அடித்தால் அது தெரியும்.

இன்னும் இரண்டு இடங்களை யாரும் பார்ப்பதில்லை. ஒன்று பிராக்ஸி, அதாவது பிரவுசரை நேராகப் போகவிடாமல் இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் செட்டிங். ஏதோ ஒரு சாஃப்ட்வேர் போட்டபோது அது ஆன் ஆகியிருக்கும். பிங் எல்லாம் போகும், பிரவுசர் மட்டும் திறக்காது. இரண்டாவது, திரையின் மூலையில் இருக்கும் தேதி. கணினிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். வங்கித் தளம், அரசுத் தளம் எதுவானாலும் அதன் சான்றிதழைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுத்தான் பிரவுசர் திறக்கும். தேதி தப்பு என்றால் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று மிரட்டும். தேதியைச் சரி செய்து, மலிவான அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் வண்டி நம் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறது. 2008 ஜனவரி 30-ஆம் தேதி எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையத் திறனில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் கடலூர் மாவட்டத்தில் கரையேறியபோது கம்பங்கள் விழுந்த கோலத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அப்படிப்பட்ட நாட்களில் எந்தக் கணினியிலும் எந்த செட்டிங்கையும் தொடாமல் இருப்பதே கெட்டிக்காரத்தனம்.

ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் நெட்டைச் சரிசெய்து தருகிறோம், இந்த ஆப்பைப் போடுங்கள்’ என்று யாராவது தாமாக போன் செய்தால், போடாதீர்கள். கணினியை அப்படியே தூரத்திலிருந்து ஆளும் ஆப்புகள் அவை. ஏமாந்து பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

நெட் நன்றாக வருகிற ஒரு நாளில் இந்த வேலையைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு கணினியின் முகவரி, கேட்வே, டி.என்.எஸ். எண்கள், அவை தானாக வந்தவையா கையால் போட்டவையா என்ற விவரம், புகார் எண், வாடிக்கையாளர் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுத வேண்டாம். அடுத்த முறை கோளாறு வந்தால் ‘நெட் இல்லை’ என்று புகார் கொடுக்காதீர்கள். ‘எல்.ஓ.எஸ். விளக்கு எரியவில்லை, கேட்வேக்கு பிங் போகிறது, அதற்கு வெளியே போகவில்லை’ என்று சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் ‘மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்ற பழைய பாட்டை விட்டுவிட்டு, அடுத்து எங்கே பார்க்க வேண்டுமோ அங்கிருந்து தொடங்குவார். வரிசையில் நிற்பவரிடமும், மதியம் வரலாமா நாளை வரலாமா என்று நீங்கள் விவரமாகவே சொல்லலாம்.