சோர்ந்தவருக்குச் சொன்ன கதை



துன்பம் நேர்ந்த வீட்டுக்குப் போகிறோம். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறோம். சொல்லும் நமக்கே அதில் உறுதி இருப்பதில்லை. ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன், இன்றைய குமரி மாவட்டத்தில் ஒருவர் இன்னொருவரைத் தேற்றிய விதத்தை இன்று நினைத்துப் பார்ப்போம்.

நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரசுப் பணியில் இருந்தவர். வசதியான குடும்பம். அந்தக் குடும்பத்தை அடுத்தடுத்து இழப்புகள் தாக்கின. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் கைவிட்டது. வாடிய முகத்தோடு இருந்தவரிடம், என்ன நடந்தது என்று அக்கறையோடு விசாரித்தார் டிலனாய்.

டிலனாய் டச்சுப் படையின் அதிகாரி. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவர். கைதியான அவரையே தம் படைக்குப் பயிற்சி அளிக்க வைத்துக்கொண்டார் மன்னர். பின்னாளில் ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்று பெயர் பெற்றாலும், தோல்வியும் தனிமையும் அவருக்குப் புதியவை அல்ல.

அவர் நீலகண்டருக்கு அறிவுரை சொல்லவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார்.

பொறுமைக்கு யோபு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். வேதாகமத்தில் வரும் யோபுவோ மந்தைகளை இழந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவர். பிறந்த நாளையே சபித்தவர். கடவுளிடமே நியாயம் கேட்டவர். ‘நீ செய்த பாவம்தான் காரணம்’ என்று வாதிட்ட நண்பர்களைத்தான் முடிவில் கடவுள் கடிந்துகொள்கிறார், யோபுவை அல்ல. மாடு கன்றுகளை இழந்து நின்றவருக்கு, மந்தைகளை இழந்தவரின் கதை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! அழலாம், கேள்வி கேட்கலாம், அப்போதும் கடவுளை விடாமல் பற்றிக்கொள்ளலாம் என்பதை அந்தக் கதை அவருக்குக் காட்டியது.

1745-ல் வடக்கன்குளத்தில் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு அதே வழியில் வந்தார். இந்த விசுவாசத்துக்காக 1749-ல் தேவசகாயம் கைதானார். மூன்று ஆண்டுகள் விலங்கும் அடியும்தான் வாழ்க்கை. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்றும், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள் என்றும் குமரி மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவரை, 2022 மே 15-ல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார்.

அவருடைய இறப்பைவிட, அந்த மூன்று ஆண்டுகளே எனக்கு அதிகத் தைரியம் தருகின்றன. ஒவ்வொரு நாள் விடியும்போதும், ‘என் விசுவாசத்தை விட்டுவிடுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை. நீண்ட நோய், தீராத கடன், வேலையில்லாத மாதங்கள் என்று போராடுகிற நமக்கு வேண்டியது இந்த அன்றாட உறுதிதான்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் முன்னோர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. போகும் இடம் தெரியாமல் புறப்பட்ட ஆபிரகாம் அதில் உண்டு. தம்மால் பேச முடியாது என்று தயங்கிய மோசேயும் உண்டு. பலவீனம் இல்லாதவர்களைத் தேடியெடுத்த பட்டியல் அல்ல அது. அந்த வரிசையைச் சொல்லி முடித்த கையோடு, ‘இனி உங்கள் முறை’ என்பதுபோல் நம் பக்கம் திரும்புகிறது அந்தத் திருமுகம்.

ஆகவே, முன்னோரைத் திருவிழா நாளில் போற்றுவதோடு நிறுத்திவிட வேண்டாம். அவர்களுடைய கண்ணீரையும் தயக்கத்தையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம், ‘உங்கள் விசுவாசம் ஆட்டம் கண்ட காலம் எது? அப்போது உங்களைத் தாங்கியது யார்?’ என்று கேளுங்கள். துன்பப்படுகிற ஒருவரைப் பார்க்கப் போகும்போது, முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு, அவருடைய துன்பத்தை அறிந்த ஒருவரின் கதையைச் சொல்லுங்கள். போர்க் கைதியான டிலனாய் செய்த அந்த உதவியை நாம் எல்லோரும் செய்ய முடியும்.