தண்ணீர் பக்கத்தில் பிள்ளை: கை எட்டும் தூரத்தில் நாம்

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிப் பெற்றோருக்கான விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



அய்யனார் கோவில் ஆறு, செண்பகத்தோப்பு ஓடை, பிளவக்கல் அணை, ஊருக்கு ஊர் கண்மாய். லீவு விட்டால் நம்ம பிள்ளைகளின் கால் அங்கேதான் போகும். "தண்ணி பக்கம் போகாதே" என்று அதட்டினால் மட்டும் போதாது. எப்படி நடந்துக்கணும் என்று சொல்லித் தரணும்.

முதலில் வீடு

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை.

நடை பழகும் குழந்தைக்கு உடம்பு அளவோடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. அரை வாளித் தண்ணீரே போதும். சத்தமும் வராது. அதனால் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். டிரம், அண்டா, தரைத்தொட்டிக்கு மூடி கட்டாயம்.

அம்மா மில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, "பிள்ளையை இப்போ நீங்க பார்த்துக்கோங்க அத்தை" என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிட்டுப் போங்க. 'யாராவது பார்த்துப்பாங்க' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கண்மாயும் மலை ஓடையும்

கோடையில் கிரிக்கெட் ஆடிய கண்மாய்தானே என்று பிள்ளைகள் நினைப்பார்கள். மண் அள்ளிய குழி தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நிற்கும் பிள்ளை, அடுத்த எட்டில் தலைக்கு மேல் தண்ணீரில் இருக்கும். தண்ணீர் இல்லாத காலத்திலேயே அந்தக் குழிகளைக் காட்டிக் கொடுங்கள்.

மலை ஓடை வேறு மாதிரி. 2015 மே மாதம் சதுரகிரிக்குப் போன பக்தர்கள் பலர் திடீர் காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தது நமக்கு மறக்காது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே மேடேறணும். செருப்பு, பை எதையும் எடுக்க நிற்கக் கூடாது. வனத்துறை பாதையை மூடியிருந்தால் திரும்பி வந்துடுங்க.

பிள்ளைக்கு என்ன சொல்லலாம்?

சின்னக் குழந்தைக்கு ஒரே விதி: பெரியவங்க கையைப் பிடிக்காமல் தண்ணீர் கிட்டப் போகக் கூடாது. பள்ளி வயசுப் பிள்ளைக்கு நீச்சல் பழக்குங்கள். முதலில் மல்லாக்க மிதக்கக் கற்றுக் கொடுங்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையும் தனியாகப் போகக் கூடாது.

கூட்டாளி மூழ்கினால் குதிக்காதே, கத்து, எதையாவது வீசு. இதை விளையாட்டாகவே பழக்கலாம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். கரையில் இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேரை மீட்க முடிந்தது. இரண்டு பேரை முடியவில்லை. அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவை, துண்டு, கயிறு, காலி பிளாஸ்டிக் குடம் எல்லாமே உயிர் காக்கும்.

மீட்ட பிறகு

உடனே 108-க்குப் போன். வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது வேண்டாம், நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கணும். பெரியவர்கள் இதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

உங்கள் போனில்

மலைப்பக்கம் கிளம்பும் முன் 'டிஎன்-அலர்ட்' செயலியில் மழை எச்சரிக்கையைப் பாருங்கள். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில அளவில் 1070, தீயணைப்பு மீட்புக்கு 101, எந்த அவசரத்துக்கும் 112. இப்பவே சேமித்து வையுங்க.

கடைசியாக ஒன்று. பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது அந்தப் போன் பையில் இருக்கட்டும். ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கும் நேரம்கூட ஆகாது, பிள்ளை மூழ்குவதற்கு. கண் பிள்ளை மேல் இருக்கட்டும்.