நடுவில் வந்த வாசகன்

திம்புள்ளைப் பள்ளத்தாக்கில் தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் மலையும் தெரிவதில்லை, மரமும் தெரிவதில்லை. முகில் வந்து வகுப்பறைச் சாளரத்தின் அருகே நின்று பாடம் கேட்கும். அத்தகைய ஒரு பிற்பகலில், எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்வியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். கேள்வி சிறியது. நான் அளித்த விடையோ பிழையானது. அது பிழையென்று உணர எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

லண்டனில் தொழில் புரியும் எமது பழைய மாணவர் ஒருவர் நூலகத்துக்கென ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார். அகராதிகளுக்கும் பாடநூல்களுக்கும் அடியில், வண்ணப் படங்கள் நிறைந்த வாராந்தச் சித்திரக்கதை இதழ்கள் சில கிடந்தன. '2000 ஏடி' என்பது அவ்விதழின் பெயர். 1977ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இங்கிலாந்தில் தொடங்கி இன்றுவரை வாரந்தோறும் வெளிவருகின்ற விஞ்ஞானக் கற்பனை இதழ் அது. 2016ஆம் ஆண்டில் அதன் இரண்டாயிரமாவது இதழ் வெளியாயிற்று. ஒவ்வோர் இதழிலும் நாலைந்து கதைகள். ஒவ்வொரு கதைக்கும் ஏறக்குறைய ஐந்தாறு பக்கங்கள். பெரும்பாலானவை அடுத்த வாரம் தொடரும்.

எங்கள் கைக்கு வந்தவையோ எங்கோ நடுவிலிருந்த பத்துப் பன்னிரண்டு இதழ்கள். அவற்றுள் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து, "சேர், இத எங்கயிருந்து தொடங்கணும்?" என்று கேட்டான்.

நான் சற்றும் யோசியாமல், "எதையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், தம்பி. முதலிதழ் இல்லாதபோது இதைப் படித்து என்ன பயன்? வைத்துவிட்டுப் பாடத்தைப் பார்" என்றேன். அவன் இதழை மடித்து வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நேயர்களே, அந்தப் பையனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் வயதில் படிப்பை விட்டுக் கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்கு நின்றவன் அவன். இந்நாட்டில் 16 வயதுவரை கல்வி கட்டாயமென்று 2016ஆம் ஆண்டிலேயே விதி செய்யப்பட்டது. ஆயினும் கொழுந்து குறைந்த மாதங்களில் லயத்து அடுப்படியில் வறுமை பேசும் பேச்சு அந்த விதியைவிட உரத்துக் கேட்கின்றது. இரண்டு ஆண்டுகளின் பின், தாயாரின் பிடிவாதத்தால் அவன் திரும்பி வந்தான். வயதை நோக்கி ஒன்பதாம் தரத்தில் அமர்த்தினோம். அங்கே நடந்த பாடம் எதுவும் அவனுக்கு விளங்கவில்லை. "ஆறாம் தரத்துக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கு" என்று நானே அவனிடம் ஒரு பிரதியைக் கொடுத்திருந்தேன். தன்னைவிட உயரத்தில் பாதியாயிருக்கும் பிள்ளைகளின் புத்தகத்தை அவன் கொப்பிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைப் பின்னரே அறிந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று அவன் கேட்டது சித்திரக்கதையைப் பற்றி மட்டுமன்று என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அவன் வராத அந்த வாரத்தில் ஓர் இரவு அவ்விதழ்களை நானே வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். ஒழுக்கக்கேடானவை ஏதும் உண்டோ என்று பரிசோதிப்பதே நோக்கம். பரிசோதிக்கப் புகுந்தவனுக்குப் பழைய நினைவொன்று வந்து சேர்ந்தது.

1981ஆம் ஆண்டளவில் எனக்குப் பதினொரு வயது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன என் தாய்மாமன், வந்துபோன ஒருவரிடம் எனக்கொரு புத்தகம் கொடுத்தனுப்பினார். சிவகாசியிலிருந்து 1972ஆம் ஆண்டு முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ் அது. அந்த வெளியீட்டின் முதற் கதையே 'இரும்புக்கை மாயாவி'. எனக்குக் கிடைத்ததும் மாயாவியின் கதைகளுள் ஒன்றே. லயமெங்கும் கைமாறி என்னிடம் திரும்பியபோது அதற்கு அட்டையில்லை. முன்பக்கங்கள் எட்டும் இல்லை. நாயகனுக்கு இரும்புக்கை எவ்வாறு வந்தது, மின்சாரம் பாய்ந்தவுடன் அவன் உடல் மறைந்து கை மட்டும் தெரிவது ஏன் என்பன எனக்குத் தெரியா. நானும் என் தமக்கையும் கொழுந்துச் சாக்கின்மேல் அமர்ந்து அதற்கு மூன்று காரணங்கள் கற்பித்தோம். மூன்றும் பிழை. ஆனால் கதையை நாங்கள் அனுபவிப்பதற்கு அப்பிழை தடையாக இருக்கவில்லை. ஆய்வுகூட உதவியாளனாயிருந்து கையை இழந்தவன் அவன், ஒரு விபத்திலே மின்னதிர்ச்சி பட்டு அந்த ஆற்றலைப் பெற்றான் என்ற உண்மையை அறிய எனக்குப் பல ஆண்டுகள் சென்றன.

இன்னொரு விந்தையும் அந்நாளில் எனக்கு விளங்கவில்லை. இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மாயாவிக்கு ஓர் ஆபத்து வரும், அடுத்த பக்கத்தில் தப்புவான், மீண்டும் ஆபத்து. மூச்சுவிடவும் நேரமில்லாத வாழ்க்கை! காரணம் பின்னர் தெரிந்தது. அக்கதை இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962ஆம் ஆண்டு தொடங்கித் தொடராக வந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கங்களே. ஒவ்வொரு வாரத்தின் இறுதியிலும் வாசகனை ஏங்க வைத்து நிறுத்துவார்கள். அத்துண்டுகளை ஒன்றாகத் தைத்து முழுநூலாக்கித் தமிழில் தந்தபோது, தையல் விழுந்த இடங்களிலெல்லாம் ஓர் ஆபத்து எஞ்சி நின்றது.

வாரத் தொடரை எழுதுகின்றவனுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. இந்த வாரம்தான் முதன்முதலாகக் காசு கொடுத்து இதழை வாங்குகின்ற பிள்ளை ஒன்று எங்கோ இருக்கின்றது என்பதே அது. ஆகவே அவன் தொடக்கத்தில் முன்கதையை நாலு வரியில் சொல்லுவான். நாயகனின் பெயரையும் குணத்தையும் முதற் படங்களிலேயே காட்டிவிடுவான். நமது தோட்டங்களில் மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பிரட்டுக்களத்தைத் தாண்டி வேலை முடித்து நேரம் கழித்து வருபவர்கள் உண்டு. நடுவிலே தூங்கி விழிக்கும் பிள்ளைகள் உண்டு. வேடதாரி களத்துக்கு வரும்போதே தான் இன்னார், இன்ன காரியமாக வந்தேன் என்று பாடி ஆடிவிடுகின்றான். பிந்தி வந்தவரை எழுந்து போகச் சொல்லும் கூத்து எங்கும் இல்லை.

'2000 ஏடி' இதழிலும் இவ்வழக்கம் இருக்கின்றது. ஆசிரியர் குழுவினர் அவ்வப்போது எல்லாக் கதைகளையும் ஒரே வாரத்தில் புதிதாகத் தொடங்கி, புதிய வாசகருக்கென்று ஒரு வாயிலைத் திறந்து வைக்கின்றனர். பழைய கதைகள் தொகுதி தொகுதியாகவும் வெளிவந்துள்ளன. ஆனால் முதல் தொகுதியில் தொடங்குவதே சிறந்ததென்று சொல்லிவிட முடியாது. தொடக்க காலத்தில் எழுதுவோரும் வரைவோரும் தம் நாயகனை இன்னும் தேடிக்கொண்டிருந்தனர். பிற்காலக் கதையொன்றைச் சுவைத்தபின் முதலுக்குத் திரும்புகின்றவனே அந்தத் தேடலையும் சுவைப்பான்.

அவ்விதழின் பெரும்புகழ் பெற்ற பாத்திரம் நீதிபதி ட்ரெட். ஜான் வாக்னர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் கார்லோஸ் எஸ்கெர்ரா உருவம் கொடுத்தார். 1977ஆம் ஆண்டின் இரண்டாவது இதழில் ட்ரெட் தோன்றினான். எதிர்காலத்து மாநகர் ஒன்றில் காவலன், நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவன் ஆகிய மூவரும் ஒருவனே என்றால் என்ன நேரும் என்பதே கதை. தலைக்கவசம் அவன் முகத்தை வாசகருக்கு மறைத்தே வைக்கின்றது. மேலோட்டமாய்ப் படிப்பவர் இதனை வன்முறையின் புகழ்ச்சி என்று கொள்ளக்கூடும். ஊன்றிப் படித்தால் அவ்வதிகாரத்தை எள்ளும் நகைப்பு உள்ளே இருப்பது தெரியும். ஆயினும் சிறுவர் இதழாகத் தொடங்கிய இது நாளடைவில் வளர்ந்தோர்க்குரியதாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பெரியவர் ஒருவர் படித்துப் பார்ப்பது கடமை. நானும் மூன்று இதழ்களை எடுத்து என் அலுமாரியில் வைத்தேன்.

மறுநாள் மாலை அவன் வீடிருந்த லயத்துக்கு நடந்தேன். தாயார் மலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். இதழ்களை அவன் கையில் கொடுத்து, "தம்பி, நான் சொன்னது பிழை. கையில் கிடைத்த இதழிலிருந்தே தொடங்கு. விளங்காததை எழுதி வை" என்றேன். அவன் நம்பாதவன் போல என்னைப் பார்த்தான். பாடசாலைக்கு வா என்று நான் அழைக்கவில்லை. திங்கட்கிழமை அவனாகவே வந்தான்.

அவன் ஒரு கொப்பியை இரண்டாகப் பிரித்திருந்தான். ஒரு பக்கத்தில் கதைமாந்தரின் பெயர்கள், மறுபக்கத்தில் விளங்காதவை. வாரம் ஏற ஏற வலப்பக்கத்துக் கேள்விகள் சிலவற்றை அவனே வெட்டிவிட்டான். பின்னால் வந்த இதழிலே விடை கிடைத்திருந்தது. ஆங்கிலச் சொற்களை அகராதியில் தேடினான். ஒருநாள் என் அறைக்கு ஓடிவந்து, "சேர், இதழோட வருசத்தையும் கதையோட வருசத்தையும் கழிச்சா எப்பவும் 122தான் வருது" என்றான். உண்மைதான். 1977இல் வந்த கதை 2099இல் நிகழ்ந்தது. நம் உலகில் ஓராண்டு கழிந்தால் கதையிலும் ஓராண்டு கழிகின்றது. நாயகனும் வாசகரோடு சேர்ந்து முதுமையடைகின்றான். யாரும் சொல்லாமல் ஒரு கழித்தற் கணக்கால் அதனைக் கண்டுபிடித்தவன், ஆறாம் தரப் புத்தகத்தை ஒளித்து வைத்த அதே பையன்.

அன்று முதல் அவனுக்குப் பாடம் சொல்லும் முறையை மாற்றினோம். ஒன்பதாம் தரப் பாடத்திலேயே அமரச் செய்தோம். இடையில் அறுந்த கண்ணி எதுவோ அதை மட்டும் கீழ்வகுப்பு நூலிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். பின்னம் தேவைப்பட்ட நாளில் பின்னம். இலக்கணம் தேவைப்பட்ட நாளில் இலக்கணம். அந்தக் கொப்பியின் இரண்டு பக்க முறையை வகுப்பு முழுவதற்கும் பழக்கினோம். பையன் இன்னும் கணக்கில் பின்தங்கியே இருக்கின்றான். பரீட்சையில் என்ன ஆகுமென்று நான் வாக்குக் கொடுக்க இயலாது. ஆனால் கடைசி வாங்கிலிருந்து இரண்டு வாங்கு முன்னே வந்திருக்கின்றான்; அதற்கு என் அனுமதியைக் கேட்கவுமில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பிந்தி வந்த பிள்ளை ஒன்று இருக்கலாம். நோயால் பிந்தியிருக்கலாம், வறுமையால் பிந்தியிருக்கலாம். பள்ளிக்கூடத்தை அறுபதாம் வயதில் எட்டிப் பார்க்கும் பாட்டியாராகவும் இருக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று அவர்கள் கேட்டால், என்னைப்போல் முதலிதழைத் தேடச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். இந்த வாரத்து இதழைக் கையில் கொடுங்கள். முன்கதையை நாலு வரியில் நீங்களே சொல்லுங்கள்.

அலுமாரியில் வைத்த மூன்று இதழ்களைப் பற்றி அவன் சென்ற வாரம் கேட்டான். எண் வரிசையில் இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டானாம். இன்னும் இரண்டு ஆண்டு பொறு என்று சொல்லியிருக்கின்றேன். அந்த இரண்டு ஆண்டும் அவன் பாடசாலையில் இருப்பான் என்பதே என் நம்பிக்கை.