வைத்தியமும் சம்மதமும்

நோயுற்றவர் தம் உடலை வைத்தியரிடம் ஒப்படைப்பது நம்பிக்கையின் பேரில்தான். இரண்டாவது உலக யுத்த காலத்தில் அந்த நம்பிக்கைக்கு நேர்ந்த பெரும் பங்கத்தைப் பற்றி இன்று சற்றே சிந்திப்போம்.

1946 டிசம்பர் 9ஆம் நாள், ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில், அமெரிக்க ராணுவ நீதிமன்றத்தில் 23 பேர் மீது விசாரணை தொடங்கியது. அவர்களுள் 20 பேர் வைத்தியர்கள். ஹிட்லருக்கே வைத்தியம் பார்த்த கார்ல் பிராண்ட் அவர்களில் ஒருவர். கடலில் விழும் விமானிகளைக் காக்கும் வழி காண்பதாகக் கூறி, டாக்கௌ முகாமில் கைதிகளைப் பனிநீரில் அமிழ்த்தினார்கள். ராவன்ஸ்புரூக் முகாமில் பெண்களின் கால்களைக் கீறிப் புண்ணில் கிருமிகளைப் புகுத்தினார்கள். பலர் மாண்டனர்.

இவர்கள் கல்லாதவர்கள் அல்லர். மேலிடத்துக் கட்டளை என்றும், பலரைக் காக்கச் சிலரை இழக்கலாம் என்றும் வாதாடினார்கள். ஆனால் புதிய சிகிச்சைகளுக்கும் சோதனைகளுக்கும் சம்மதம் பெறவேண்டும் என்று ஜெர்மன் அரசே 1931இல் நெறிமுறை வகுத்திருந்தது! 1947 ஆகஸ்டில் 16 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. எழுவருக்கு மரண தண்டனை கிடைத்தது.

நீதி எங்கும் ஒன்றுபோல் நடக்கவில்லை. மஞ்சூரியாவில் ஹார்பின் நகரருகே, இஷீ ஷிரோ என்ற ஜப்பானிய ராணுவ வைத்தியரின் 731ஆம் பிரிவு கைதிகளைக் கொடிய நோய்களுக்கு உள்ளாக்கியது. அங்கே கைதிகளுக்கு வழங்கிய பெயர் 'மருதா'. மரக்கட்டை என்பது பொருள். சோவியத் நாடு 1949இல் சிலரைத் தண்டித்தது. அமெரிக்காவோ, ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பெற்றுக்கொண்டு இஷீயை விசாரணைக்குக் கொண்டுவராமலே விட்டுவிட்டது.

சொற்களோடு பழகும் தொழிலில் உள்ள நாம் இதை எளிதில் கடந்துவிட இயலாது. மனிதனைக் கட்டை என்று சொல்லப் பழகிய நாவுக்குப் பின்னால் கையும் கூசுவதில்லை.

நூரெம்பர்க் தீர்ப்பு வகுத்த பத்து நெறிகளுள் முதலாவது, சோதனைக்கு உள்ளாகிறவரின் மனமுவந்த சம்மதம். விஷயத்தை அறிந்து, புரிந்துகொண்டு அளிப்பதே சம்மதம் என்று அது விளக்குகிறது. புரியாத தாளில் இட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது என்பது இதிலிருந்தே பெறப்படும். மருந்துச் சோதனையில் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்பது இன்று நம் நாட்டின் விதியும் ஆகும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். அயல்மொழித் தாள் நீட்டப்படும்போது, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்தக் கேள்வியைக் கேட்க வாய்ப்பே பெறாமல் மடிந்தவர்களின் பெயரால் நமக்குக் கிட்டியுள்ள உரிமை அது.