ஒரு நீர்ப்பெரணியின் பெயர்



தாவரநூல் பயில்வோர் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. "இரண்டு செடிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு இரு வேறு பெயர்களை இட்டு, அவற்றை நாங்கள் நெட்டுருச் செய்வதனால் யாருக்கு என்ன பயன்?" என்று அவர்கள் கேட்பர். நியாயமான வினாவே. அதற்கு விடையாக, நீரில் மிதக்கும் ஒரு பெரணியின் கதையை இன்று கூற விரும்புகிறேன்.

ஆப்பிரிக்காவில் சாம்பேசி ஆற்றின் குறுக்கே கரிபா அணை எழுந்தது. 1958-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே நீர் தேங்கத் தொடங்கிற்று. மறு ஆண்டிலேயே அப்புதிய ஏரியின்மீது பச்சைப் படலம் ஒன்று தோன்றியது. 1962-இல் அது ஏரிப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூடிவிட்டது. சால்வீனியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த பெரணி அது.

பெரணிகளுக்குப் பூவும் இல்லை; விதையும் இல்லை. 'ஸ்போர்' எனப்படும் நுண்துகள்களால் அவை இனம்பெருக்கும். சால்வீனியாவுக்கோ வேரும் இல்லை. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் உண்டு. இரண்டு நீர்மேல் மிதக்கும். மூன்றாவது மெல்லிய இழைகளாகப் பிரிந்து நீருக்குள் தொங்கும். அதனை வேர் என்றே பலரும் எண்ணி ஏமாறுவர்.

கரிபாவில் பரவிய இச்செடி, வெப்பமும் உரமும் வாய்த்த நீரில் மூன்று நாள்களுக்குள்ளேயே இருமடங்காகப் பெருக வல்லது. படலம் தடித்தால் நீருக்குள் ஒளி புகாது, உயிர்வளி குறையும், மீன்கள் வாடும், படகு செல்லவும் வழியிராது.

களையை ஒழிக்க அதன் தாயகத்து எதிரியைத் தேடிக் கொணர்வது ஒரு நல்ல முறை. ஆனால், தாயகத்தை அறிய முதலில் செடியின் பெயரை அறிதல் வேண்டும். அந்நாளைய அறிஞர் இதனை அமெரிக்க வெப்பநாடுகளில் வாழும் சால்வீனியா ஆரிகுலேட்டா என்று கருதினர். எனவே 1960-க்குப் பின் திரினிதாத் முதலிய இடங்களில் அச்செடியை உண்ணும் பூச்சிகளைத் தேடினர். ஒரு வெட்டுக்கிளி, ஓர் அந்துப்பூச்சி, ஒரு கூன்வண்டு ஆகியன கிடைத்தன. அவற்றைக் களை மண்டிய நாடுகளில் விட்டுப் பார்த்தனர். எதிர்பார்த்த பயன் பெரும்பாலும் கிட்டவில்லை. காரணம், பெயர் பிழையாக இருந்தது.

பிழை நேர்ந்தது வியப்பன்று. இப்பேரினத்தில் இலை நம்மை எளிதில் மயக்கிவிடும். இடம் தாராளமாக இருப்பின், ஒரே செடியின் இலைகள் சிறியனவாய்த் தட்டையாக மிதக்கும். நெருக்கம் மிகுந்தால் பெரியனவாகி, மடிந்து நிமிர்ந்து நிற்கும். ஆதலால் இலையின் அளவையும் வடிவையும் மட்டும் நம்பிச் சிற்றினம் பிரித்தல் ஆகாது.

ஒரு கைவில்லையை எடுத்து இலையின் மேற்புறத்து மயிர்களைப் பாருங்கள். காஷ்மீர ஏரிகளில் உள்ள சால்வீனியா நடான்ஸ் என்னும் இனத்தில் மயிர்களின் நுனிகள் தனித்தனியே விரிந்திருக்கும். கரிபாச் செடியிலோ, சிறு காம்பின்மேல் நான்கு மயிர்கள் பிரிந்து வளைந்து, நுனியில் மீண்டும் ஒன்றுகூடிக் கூண்டுபோல் நிற்கும். இவ்வாறு இரண்டையும் எளிதில் பிரித்துவிடலாம். ஆயினும் ஆரிகுலேட்டாவிலும் அதே கூண்டுதான்! ஆகவே நெருங்கிய உறவினரைப் பிரிக்க இதுவும் போதாது.

உண்மையான வேறுபாடு நீருக்கு அடியில் இருந்தது. மூன்றாம் இலையின் இழைகளில் ஸ்போர்களுக்குரிய சிறு பைகள் தோன்றும். கரிபாச் செடியில் அவை நீண்ட சரமாக அமைந்திருந்தன. பிளந்து பார்த்தால் முறையாக வளர்ந்த ஸ்போர்கள் இல்லை. அச்செடியின் உயிரணுவில் 45 குரோமோசோம்கள் உள்ளன; அதாவது ஒன்பதின் ஐந்து மடங்கு. ஐந்து ஒற்றைப்படை ஆதலால் அவை முறையாக இணைசேர இயலாது. அதனால் செடி மலடாயிற்று. முறிந்த துண்டுகளாலேயே அது உலகெங்கும் பரவியது! 1972-இல் மிட்செல் என்னும் தாவர அறிஞர் இதனைத் தனிச் சிற்றினமாக அறிவித்து, சால்வீனியா மொலெஸ்டா என்று பெயரிட்டார். மொலெஸ்டா என்னும் இலத்தீன் சொல்லுக்குத் 'தொல்லை தருவது' என்பது பொருள்.

பெயர் திருந்தவே, தேடும் திசையும் திருந்தியது. 1978-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இதன் தாயகம் தென்கிழக்குப் பிரேசில் என்று கண்டனர். அங்கே இதன்மேல் வாழ்ந்த கூன்வண்டைக் கொணர்ந்து, 1980-இல் குவீன்ஸ்லாந்திலுள்ள மூண்டாரா ஏரியில் விட்டனர். அடுத்த ஆண்டிலேயே களை பெரும்பாலும் அழிந்து மூழ்கியது.

இன்னும் ஒரு வியப்பு! பிரேசில் வண்டும் முன்பு திரினிதாத்தில் கண்ட வண்டும் ஒன்றே என்றுதான் முதலில் எண்ணினர். நுணுகி ஆராய்ந்தபின், 1985-இல் அதுவும் வேறொரு சிற்றினம் என்று தெளிந்தனர். செடியில் நேர்ந்த மயக்கம் வண்டிலும் நேர்ந்தது.

இக்கதை நமக்கும் நெருங்கியதே. கேரளத்தார் இச்செடியை 'ஆப்பிரிக்கன் பாயல்' என்பர். குட்டநாட்டு வயல்களையும் கால்வாய்களையும் அது அடைத்துக்கொண்டது. 1983-இல் கேரளத்தில் அவ்வண்டுகளை விட்டபின், சில ஆண்டுகளில் பல நீர்வழிகள் திறந்தன. இலங்கைக்கு இச்செடி 1939-இல் வந்தது. தாவரவியல் கல்விக்காகவே அதனைக் கொழும்புக்குக் கொணர்ந்தனர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. படிப்பதற்காக வந்த செடி, பின்னர் வயலுக்கும் குளத்துக்கும் பகையாயிற்று.

எனவே, மாணவர்களே, பெயர் என்பது வெறும் ஒலியன்று. இச்செடி எவ்வூரினது, எதற்கு உணவாவது, எவ்வாறு பெருகுவது என்ற செய்திகள் யாவும் அப்பெயரைப் பற்றியே தொடர்கின்றன. பெயர் பிழைத்தால் செய்தியும் பிழைக்கும். செய்தி பிழைத்தால் உழைப்பும் பொருளும் வீணாகும். அடுத்த முறை ஏதேனும் ஒரு குளக்கரையில் மிதக்கும் பெரணியைக் காணும்போது, மேலே தெரியும் இலையோடு நின்றுவிடாதீர்கள். செடியை மெல்லத் தூக்கி, அடியிலும் பாருங்கள். பார்த்து முடித்தபின், அதனை வேறொரு நீர்நிலையில் எறிந்துவிடாதீர்கள். ஒரு துண்டே போதும்!