மேற்குச் சுவருக்குள் ஒரு பொந்து

பங்குனி வெயில் ஏறிவிட்டால் எனக்கு வருகிற வேலை பெரும்பாலும் ஒன்றுதான். மாடி ஏற முடியாத அப்பா அம்மாவுக்குக் கார் ஷெட்டை அறையாக மாற்றித் தர வேண்டும். கார் தெருவுக்குப் போய்விடும். ஷட்டரைக் கழற்றி, அந்த வாயை எதை வைத்து அடைப்பது என்பதில்தான் எனக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சண்டை.

அவர்கள் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். மரச்சட்டம் நிறுத்து, நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் திணி, மேலே ஜிப்சம் போர்டு அடி, ரெண்டே நாள்! பனி கொட்டுகிற ஊருக்கு அது சரி. நம் கறையானுக்கு மரச்சட்டம் கல்யாணச் சாப்பாடு. இரும்புச் சேனல் போட்டாலும், ஐப்பசி மழைத் தண்ணீர் ஷெட்டுக்குள் ஏறினால் போர்டு அப்பளம்தான். ஷெட்டின் தரை எப்போதும் வீட்டுத் தரையைவிடத் தாழ்வு.

என் கட்சி எலிப்பொறிக் கட்டு. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பியது. செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்த வேண்டும். வெளியே 3 அங்குலக் கல், உள்ளே 3 அங்குலக் கல், நடுவில் 3 அங்குலம் வெறும் காற்று. இரண்டையும் பிடித்துக்கொள்ள அங்கங்கே ஒரு குறுக்குக்கல். சுவர் அதே 9 அங்குலம்தான். கல்லில் கால்வாசி மிச்சம்.

1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குள் உச்சிவேளையில் நின்றிருப்பீர்கள். அங்கே சுவரின் கனம் வெயிலைத் தாமதப்படுத்துகிறது. ஷெட்டில் அந்தக் கனத்துக்கு ஏது இடம்? காற்றைத்தான் காவல் வைக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று: பொந்துக்குள் கலவை விழக்கூடாது. மறுபடியும் சொல்கிறேன், விழக்கூடாது. விழுந்த கலவை வழியாகத்தான் வெயில் உள்ளே நடந்து வரும். பொந்தின் மேல் 3 அங்குலப் பலகையை வைத்து, இருபுறமும் கலவை போட்டுவிட்டுப் பலகையை எடுத்துவிடுங்கள். முதல் வரி, கடைசி வரி, ஜன்னல் ஓரம் இவை மட்டும் பொந்தில்லாமல் கெட்டியாக இருக்கட்டும். சுவிட்ச் பெட்டி எங்கே என்று கட்டும்போதே முடிவு செய்யுங்கள். பிறகு கட்டர் வைத்தால் பொந்துதான் வாயைத் திறக்கும்.

கூரை? மேலே மொட்டைமாடி என்றால் அதிலிருந்துதான் அதிகச் சூடு இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். இன்று சுவரைப் பற்றித்தான் பேசுவேன்.

திருநகரில் ஒரு வீடு, மேற்குப் பார்த்த ஷெட். நாலாவது வரி கட்டும்போது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, என் காசுல பொந்து வைக்கிறீங்களா?" என்றார். சித்தாளைக் கூப்பிட்டு உடைகல்லைப் போட்டு நிரப்பச் சொன்னார். கூடையோடு வந்த அந்தப் பெண்ணை நான் மறித்து நின்றேன். அன்று மதியம் எனக்கு டீ வரவில்லை.

பூச்சு காய்ந்து, சித்திரையில் குடிவந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அவருடைய அம்மா உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலை அந்தச் சுவரோரமே இழுத்துப் போடச் சொன்னார். மகன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரே கணக்குப் போட்டு இறக்கிய 800 கல்லில் மீந்து கிடந்ததை இரண்டாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார்.